எதிர்ப்பக்கமாக வந்தவன்

சூரியன் உதிக்கப் பதினோரு நிமிடம் இருந்தது.

நெரிடா கிண்ணத்தை இரண்டு கைகளாலும் ஏந்தினாள். விளிம்பு வரை தண்ணீர். அதில் மூன்று சிட்டிகை உப்பு. ஒரு சொட்டு தவறிச் சிந்தினாலும் மெர்ல் பார்த்துவிடுவாள். மெர்லுக்குத் தெரியாமல் இந்தக் குன்றின் மேல் ஒரு செம்மறியாடுகூடத் தும்ம முடியாது.

டிசம்பர் இருபத்திரண்டு, ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்திரேலியாவில் வருடத்திலேயே நீளமான பகல். லிதா திருநாள்.

இருபத்திமூன்று பேர் காய்ந்த புல்லின் மேல் வட்டமாக நின்றார்கள். மருந்துக்கடைக்காரர், இரண்டு ஆசிரியைகள், தபால்காரர், ஒரு பல் டாக்டர். தலையில் பூ வளையங்கள். காலில் ரப்பர் செருப்பு. கிர்க்டேல் ஊர் அவர்களைப் பேகன்கள், அதாவது சூரியனையும் மண்ணையும் கும்பிடுகிறவர்கள், என்றது. அவர்களும் தங்களை அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள்.

நெரிடா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். முப்பத்தொரு வயது. ஊரில் பாதிப் பேருக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக் கொடுத்தவள். இன்று அவளே ரிவர்ஸில் போகப் போகிறாள் என்று மெர்ல் நேற்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருந்தாள்.

விஷயம் இதுதான். விழா தொடங்கும்போது ஒருவர் உப்புத் தண்ணீரைத் தெளித்தபடி வட்டத்தைச் சுற்றி வர வேண்டும். சூரியன் போகும் பக்கமாக. இங்கிலாந்தில் அச்சான புத்தகங்களில் அது கடிகாரம் சுற்றும் பக்கம். அங்கே சூரியன் தெற்கு வழியாகப் போகிறது. இங்கே ஆஸ்திரேலியாவில் வடக்கு வழியாகப் போகிறது. அப்படியானால் சுற்றும் பக்கமும் மாற வேண்டும் அல்லவா? வலம் இடமாக வேண்டும் அல்லவா?

மூன்று வருடமாக நெரிடா கேட்டாள். மூன்று வருடமாக மெர்ல் புத்தகத்தைக் காட்டினாள்.

"ஒரே ஒரு தடவை," என்று கடைசியில் மெர்ல் இறங்கி வந்தாள். "நீயே நடந்து காட்டு கண்ணு. நல்லபடியா முடிஞ்சா இனிமே உன் பக்கம். ஏதாவது கோளாறு ஆச்சு... பழைய பக்கம். அப்புறம் இந்தப் பேச்சே வரக் கூடாது."

மெர்ல்தான் இந்த வட்டத்தைத் தொடங்கியவள். குன்றும் அவளுடையது. பேச்சு பேச்சுதான்.

கிழக்கில் இரண்டு குச்சிகள் நட்டிருந்தார்கள். அதுதான் வாசல். நெரிடா அங்கிருந்து தொடங்கினாள். ஆட்களின் முதுகுப் பக்கமாக, வடக்கு நோக்கி. மெதுவாக. விரல் நுனியில் தண்ணீர் எடுத்துத் தெளித்தாள். மேக்பை பறவைகள் பாட ஆரம்பித்திருந்தன. எதிர்க் குன்றில் காற்றாலைகள் அரையிருட்டில் சுற்றிக்கொண்டிருந்தன.

வடக்கு தாண்டியது. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது... கை நடுங்கவில்லை... இன்னும் பாதிதான்.

எல்லோரும் கிழக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெரிடா கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேற்கே வந்தாள்.

எதிரே ஒருவன் வந்தான். பயபக்தியோடு, தலையைக் குனிந்துகொண்டு.

மோதினார்கள்.

கிண்ணம் எகிறியது. தண்ணீர் மேலே போய், ஒரு நொடி யோசித்து, இரண்டு பேர் தலையிலும் இறங்கியது. கிண்ணம் குன்றின் சரிவில் உருண்டது. கீழே ஆடுகள் சிதறி ஓடின. நெரிடாவின் பூ வளையம் அவன் தோளில் போய்த் தொங்கியது.

அதே நொடியில் சூரியன் எட்டிப் பார்த்தது.

முதல் வெளிச்சம் நேராக அவன் முகத்தில் விழுந்தது. நெரிடா பார்த்தாள். பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். சாம்பலும் பச்சையும் கலந்த கண்கள். இமைகளில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். நான்கு மாதமாக மழை காணாத குன்றின் மேல், அவனுக்கு மட்டும் மழை பெய்து முடிந்தது போல...

அப்புறம்தான் கோபம் வந்தது.

"எந்தப் பக்கமா வர்றீங்க?" என்றாள், குரலை அடக்கிக்கொண்டு.

"சரியான பக்கமாத்தான். நீங்கதான் எதிர்ல வர்றீங்க."

"நானா?"

"எங்க ஊர்ல லேட்டா வந்தா வாசல் வழியா நுழைஞ்சு, வலமா சுத்தி வந்து, இடம் பார்த்து நிக்கணும். அதான்..."

"எந்த ஊரு?"

"கார்ன்வால்."

"இங்கிருந்து எவ்வளவு தூரம்?"

"பதினேழாயிரம் கிலோமீட்டர் இருக்கும்."

"அங்கேயே சுத்திட்டு வந்திருக்கலாமே!"

அவன் தோளிலிருந்து பூ வளையத்தை எடுத்தான். அவளிடம் நீட்டினான். அதிலிருந்தும் தண்ணீர் சொட்டியது.

"மன்னிச்சுடுங்க," என்றான். "உப்பு கொஞ்சம் தூக்கல்."

இருபத்திரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். முதலில் பல் டாக்டர் சிரித்தார். பிறகு எல்லோரும். வருடத்தின் மிக நீண்ட பகல் அப்படித் தொடங்கியது.

மெர்ல் மட்டும் சிரிக்கவில்லை. ஈரப் புல்லைப் பார்த்தாள். நெரிடாவைப் பார்த்தாள். "கோளாறு," என்றாள்.

*

காலைச் சாப்பாட்டில் சூடாக இருந்தது ஃபிளாஸ்க் டீ மட்டும்தான். காட்டுத்தீக்குப் பயந்து அரசு அறிவித்த முழுத் தீத்தடை நாள். மெர்லின் கணவன் ராஸ் தீயணைப்புத் தொண்டர் படையில் இருந்தான். ஒரு மெழுகுவர்த்தியைக்கூட அனுமதிக்கவில்லை. ரொட்டி, பாலாடைக்கட்டி, தட்டு நிறைய ஸ்ட்ராபெரி.

வந்தவன் பெயர் ஜாகோ. காற்றாலைகளில் வேலை பார்க்கிறான். வந்து ஆறு வாரம் ஆகிறது. மளிகைக் கடைப் பலகையில் லிதா அறிவிப்பைப் பார்த்துவிட்டு சைக்கிளில் கிளம்பியிருக்கிறான். பாதி வழியில் நெருஞ்சி முள் குத்தி இரண்டு டயரும் போயின. மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறான். இதெல்லாம் ஐந்து நிமிடத்தில் மெர்ல் கேட்டு வாங்கியது.

நெரிடா தள்ளி உட்கார்ந்து தலையைத் துவட்டினாள். காது மட்டும் இங்கே இருந்தது.

"எல்லாரும் கேளுங்க," என்றாள் மெர்ல். "நம்ம கூட ஒரு இங்கிலாந்துக்காரர் இருக்காரு."

"கார்ன்வால்," என்றான் ஜாகோ.

"அதான், இங்கிலாந்து."

"கார்ன்வால் தனின்னு சொல்றவங்க எங்க அம்மா. அவங்க காதுல விழுந்தா உங்களுக்கு டீ கிடையாது."

சிரிப்பு. மெர்ல் விடவில்லை. "சரி தம்பி, நீயே சொல்லு. இதெல்லாம் உங்க பக்கத்துல இருந்து வந்ததுதானே. அங்க வட்டத்தை எந்தப் பக்கமா சுத்துவாங்க?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். ஊருக்குப் புதிதாக வந்த நீதிபதியைப் பார்ப்பது போல. பத்தொன்பது வருடமாகச் சேர்ந்து சுற்றியவர்கள், காலையில் வந்து இடித்தவனின் வாயைப் பார்த்தார்கள்.

ஜாகோ நெரிடாவைப் பார்த்தான். அவள் துவட்டுவதை நிறுத்தியிருந்தாள்.

பொய் சொல்லத் தெரியாத முகம் அது. அதுதான் கெட்டது.

"அங்க... வலமாத்தான்," என்றான்.

"பார்த்தியா!" மெர்ல் ஸ்ட்ராபெரி ஒன்றை வெற்றிகரமாகக் கடித்தாள். "கண்ணு, கோவிச்சுக்காதே. நீ முயற்சி பண்ணின. நடுவுல நின்னு போச்சு. திறந்த வட்டம் மூடாமக் கிடக்கு. பேச்சு பேச்சுதான். மதியச் சுற்றைப் பழைய பக்கமா நான் நடக்கறேன்."

நெரிடா எழுந்தாள். மூன்று வருடம்... ஒரு ஆள்... ஒரே ஒரு சொல்.

"ஐஸ் வாங்கணும்ல," என்றாள். "நான் ஊருக்குப் போயிட்டு வர்றேன்."

"இந்தத் தம்பியையும் கூட்டிட்டுப் போயேன். டயருக்குப் பஞ்சர் பசை வேணுமாம்."

"நடந்தே வரட்டுமே! அவருக்குத்தான் சரியான பக்கம் தெரியுதே."

ராஸுக்குச் சிரிப்பில் டீ மூக்கு வழியாக வந்தது.

*

கார் கூரையில் மஞ்சள் பலகை. 'நெரிடா ஓட்டுநர் பள்ளி. பொறுமை உண்டு.'

ஜாகோ பலகையைப் படித்தான். இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து நீளமான கால்களை நீட்டினான்.

கிளம்பிய கார் உடனே நின்றது.

"காலை எடுங்க," என்றாள் நெரிடா.

"எதுல இருந்து?"

"பிரேக்ல இருந்து. அது கத்துக்கொடுக்கறவங்க சீட்டு. அந்தப் பக்கமும் பிரேக் உண்டு."

"ஓ!" கால்களை மடக்கிக்கொண்டான். முழங்கால் தாடையைத் தொட்டது. "அப்போ இப்ப உங்களுக்கு நான்தான் வாத்தியாரா?"

அவள் கியரைப் போட்ட வேகத்தில் அவன் பேச்சை மாற்றினான். "காற்றாடி பாருங்க... அங்க. எங்க ஊர்லயும் வலமாத்தான் சுத்துது, இங்கயும் வலமாத்தான் சுத்துது. அதுக்கு யாரும் சொல்லல போல."

"உங்க ரவுண்டானாவும் இங்க மாதிரிதான்," என்றாள். "அதுக்காக சூரியன் ரவுண்டானா விதியைக் கேட்குமா?"

சரளைச் சாலை. இரு புறமும் மஞ்சள் புல். தூசி பின்னால் எழுந்தது. அவன் சட்டை காய்ந்து உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. அதைப் பார்க்காமல் இருப்பது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. சாலையைப் பார், நெரிடா... மாணவர்களுக்கு எத்தனை தடவை சொல்கிறாய்...

"கேட்டதுக்குப் பதில் சொன்னேன்," என்றான் மெதுவாக. "அங்க எப்படின்னு கேட்டாங்க. இங்க எப்படின்னு யாரும் கேட்கல."

"கேட்டிருந்தா?"

"வந்த நாள்ல இருந்து தினமும் வழி தவறுறேங்க. வேலை முடிஞ்சு வெளியே வந்தா கால் தானா தப்பான பக்கம் போகுது. கிழக்குன்னு நெனச்சு மேற்கால போய் நிக்கறேன். ஏன்னே புரியல. போன வாரம்தான் புரிஞ்சுது. மதியத்துல சூரியன் தெற்கே இருக்கும்னு உடம்பு நம்பிட்டிருக்கு. அது எனக்குப் பின்னாடி வடக்கே நின்னு வேடிக்கை பார்க்குது." நிறுத்தினான். "நீங்க சொல்றதுதான் சரி. இங்க இடமாத்தான் சுத்தணும். போனதும் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

"சொல்லாதீங்க."

"ஏன்?"

நெரிடா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தாள். "நான் மூணு வருஷமா சொல்றேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லி அவங்க ஒத்துக்கிட்டா... அப்புறம் அது உங்க ஊரு சொன்னதாத்தான் ஆகும். எங்க சூரியனுக்கும் உங்க கையெழுத்து வேணுமா?"

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். நீண்ட பார்வை. கேலி இல்லை.

"வேண்டாம்," என்றான். "வாயைத் திறக்க மாட்டேன்."

பெட்ரோல் பங்கில் ஐஸ் மூட்டைகளை அவன்தான் தூக்கினான். பஞ்சர் பசையும் வாங்கினான். திரும்பும் வழியில் ஐஸ் மூட்டை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ கணக்குப் போடுகிறவன் போல விரலால் அதன் மேல் வட்டம் வரைந்தான்.

"ஒரு சந்தேகம் கேட்கலாமா? இது சாட்சி இல்ல. சும்மா சந்தேகம்."

"கேளுங்க."

"நீங்க எங்க இருந்து நடக்க ஆரம்பிச்சீங்க?"

"வாசல்ல இருந்து. கிழக்கு."

"நானும் அந்த வாசல் வழியாத்தான் வந்தேன். நீங்க வடக்கு வழியா வந்தீங்க. நான் தெற்கு வழியா வந்தேன். மேற்குல இடிச்சுக்கிட்டோம்." விரல் வட்டத்தை முடித்தது. "அப்போ... நடக்காம விட்ட இடம் எது?"

நெரிடா பிரேக்கை மிதித்தாள். அவனும் பதறி மிதித்தான். இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடித்ததில் கார் துள்ளி நின்றது. தூசி அவர்களைத் தாண்டி முன்னால் போனது.

"வட்டம் மூடிடுச்சு!" என்றாள்.

"மூடிடுச்சுன்னுதான் நெனக்கறேன்."

"ரெண்டு பேரும் சேர்ந்து... நீங்க பாதி, நான் பாதி..."

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. வெயில் ஏறியதாலோ என்னவோ முகம் சூடானது. அவன் ஐஸ் மூட்டையைப் பார்த்தான். அவள் சாலையைப் பார்த்தாள். காலியான சாலையில் அவ்வளவு பார்க்க ஒன்றும் இல்லை.

பிறகு அவள்தான் முதலில் சிரித்தாள். அடக்க அடக்க வந்தது. அவனும் சிரித்தான். மடியில் ஐஸ் உருகிக் கால்சட்டை நனைவதுகூடத் தெரியாமல்.

*

"அவன் கையில தண்ணி இல்லையே," என்றாள் மெர்ல். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு யோசித்துத்தான் சொன்னாள். "உப்புத் தண்ணி தெளிக்காம நடந்தா அது சுத்தினதா ஆகுமா?"

"மேட்டுல சைக்கிளைத் தள்ளிட்டு வந்தான்ல," என்றான் ராஸ். "வேர்த்துக் கொட்டிச்சு. உப்பும் தண்ணியும்தானே உனக்கு வேணும்?"

பல் டாக்டர் புல்லில் உருண்டார். மெர்லின் உதடு துடித்தது. சிரிப்பை விழுங்கிக்கொண்டாள்.

"சரி, மூடிடுச்சு. கோளாறு இல்ல. ஆனா பாதி அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம். அப்போ யாரு ஜெயிச்சா?"

"ஆளுக்குப் பாதி," என்றான் ராஸ்.

"எனக்குப் பாதி வேண்டாம்," என்றாள் நெரிடா.

உச்சி வேளை நெருங்கிக்கொண்டிருந்தது. கோடைக்காக ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்த கடிகாரத்தில் மணி ஒன்று பதினைந்து. மதியச் சுற்றுக்கு எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். கிண்ணம் மெர்ல் கையில் இருந்தது.

மெர்ல் ஜாகோவிடம் திரும்பினாள். "தம்பி, நீ ரெண்டு பக்கமும் பார்த்தவன். நீ சொல்லு. எந்தப் பக்கம்னு நீ சொன்னா நான் மறுபேச்சு பேசமாட்டேன்."

நெரிடா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வார்த்தை போதும். அவனுக்கு விடை தெரியும். அவள் மூன்று வருடமாகக் கேட்டது இதோ, அவன் நாக்கு நுனியில் இருக்கிறது. சொல்லிவிட்டால் அவளுக்கு வேண்டியது கிடைத்துவிடும்... கிடைத்த மாதிரியே இருக்காது.

ஜாகோ கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"என்கிட்ட திசை கேட்காதீங்க மெர்ல். வழி மாறி வந்து சேர்ந்த பொட்டலம் மாதிரி ஆளு நான். தெரிஞ்சவங்க உங்க பக்கத்துலயே நிக்கறாங்க. அவங்களைக் கேளுங்க."

மெர்லுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் திரும்பினாள். இந்தத் தடவை வாதாடாமல், நிஜமாகவே பார்த்தாள். "சொல்லு கண்ணு."

நெரிடா வாய் திறந்தாள். மூன்று வருடத்து வாதங்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஒன்றையும் சொல்லவில்லை. ராஸின் வண்டியிலிருந்து நீளமான மண்வாரிக் கம்பு ஒன்றை எடுத்து வந்தாள். வட்டத்தின் நடுவில் நேராக நட்டாள். உச்சி வெயில். குட்டியான நிழல் ஒன்று தெற்கே விழுந்தது.

"அந்த நிழல் முனையில ஒரு ஸ்ட்ராபெரி வைங்க மெர்ல்."

"எதுக்கு?"

"வைங்களேன்."

மெர்ல் முட்டி போட்டு வைத்தாள். பத்து நிமிடம் நின்றார்கள். யாரும் கலையவில்லை. ஒரு மேக்பை மட்டும் ஸ்ட்ராபெரியை நோட்டம் பார்த்தது. தபால்காரர் அதைத் தொப்பியால் விரட்டினார்.

"இப்போ இன்னொண்ணு."

இரண்டாவது ஸ்ட்ராபெரி முதலாவதற்குப் பக்கத்தில், ஒரு கை அகலம் தள்ளி உட்கார்ந்தது. இன்னும் பத்து நிமிடம். மூன்றாவது.

மெர்ல் எழுந்திருக்கவில்லை. மூன்று சிவப்புப் புள்ளிகளையும் பார்த்தாள். மேற்கிலிருந்து கிழக்காகப் போயிருந்தன. விரலால் அந்தக் கோட்டைத் தொடர்ந்தாள். விரல் கம்பைச் சுற்றிப் போனது. இடமாக. இன்னொரு தடவை தொடர்ந்தாள்.

"தினமும் இப்படியா போகுது?" என்றாள். சின்னக் குரல்.

"தினமும்."

"என் குன்று மேல?"

"உங்க குன்று மேலதான்."

"பத்தொன்பது வருஷமா நான் இதைப் பார்க்கலையே நெரிடா..."

நெரிடா பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீங்க எங்களைப் பார்த்துட்டிருந்தீங்க. யாரு தும்முறாங்க, யாரு சிந்துறாங்கன்னு."

மெர்ல் ஒரு நொடி அவளை முறைத்தாள். பிறகு உடம்பு குலுங்கச் சிரித்தாள். முதல் ஸ்ட்ராபெரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மண்ணோடு. கிண்ணத்தை நெரிடா கையில் வைத்தாள்.

"போ. உன் பக்கமா போ. சிந்தாம போ."

நெரிடா நடந்தாள். இடமாக. முழுச் சுற்று. முகத்தில் வெயில். விரல் நுனியில் தண்ணீர். கண்ணிலும் கொஞ்சம் இருந்தது. அது உப்புக் கணக்கில் சேரட்டும் என்று விட்டுவிட்டாள்.

தெற்கே ஜாகோ நின்றான். அவள் அவன் பின்னால் வந்தாள். ஒரு துளி தெளித்தாலே போதும். கை நிறைய அள்ளிக் கழுத்தில் ஊற்றினாள்.

"ஐயோ!"

"உப்பு சரியா இருக்கா?"

"நீ ஊத்தினா சரியாத்தான் இருக்கும்."

நீ என்றுவிட்டான். சொன்னதும் அவனே நாக்கைக் கடித்துக்கொண்டான். நெரிடா திருத்தவில்லை. சுற்றை முடிக்க வேண்டியிருந்தது. கால்கள்தான் கொஞ்சம் தரையில் படாதது போல...

*

லிதாவுக்கு நெருப்புத் தாண்ட வேண்டும். தீத்தடை நாளில் எப்படித் தாண்டுவது? ராஸ் ஒரு வழி வைத்திருந்தான். அகலமான தகரத் தொட்டி. அதில் குவியலாகச் சாமந்தி. நடுவே ஆரஞ்சுப் பட்டுத் துணிக் கீற்றுகள். அடியில் பேட்டரி விசிறி. சுவிட்சைப் போட்டதும் துணிகள் எழுந்து சுடர் போல ஆடின.

"தொண்டர் படை அனுமதி பெற்ற நெருப்பு," என்று அறிவித்தான். "தாண்டலாம். ஊதி அணைக்க முயற்சி பண்ணாதீங்க."

தனியாகத் தாண்டினால் வரும் வருடத்துக்கு அதிர்ஷ்டம். இரண்டு பேர் கை கோத்துத் தாண்டினால் அதற்கு வேறு அர்த்தம். ஒரு வருஷம் ஒரு நாள் சேர்ந்திருப்போம் என்ற வாக்கு. முடிந்ததும் வேண்டுமானால் மறுபடி தாண்டலாம். இந்த வட்டம் தொடங்கும் முன்பிருந்தே தாண்டிவரும் ராஸும் மெர்லும் முப்பத்தாறாவது தடவையாகத் தாண்டினார்கள். மெர்லின் செருப்பு தொட்டிக்குள் விழுந்தது. ராஸ் விசிறியை நிறுத்தி எடுத்துக் கொடுத்தான்.

பல் டாக்டர் தனியாகத் தாண்டினார். ஆசிரியைகள் இருவரும் கை கோத்துத் தாண்டினார்கள். கைதட்டல்.

ஜாகோ டயரில் பசை தடவிக்கொண்டிருந்தான். ரொம்ப நேரமாகத் தடவிக்கொண்டிருந்தான். நெரிடா வந்து அவன் எதிரே உட்கார்ந்தாள்.

"வாயைத் திறக்காம இருந்ததுக்கு நன்றி," என்றாள்.

"கஷ்டமா இருந்துச்சு."

"தெரியும். காது சிவந்து போச்சு."

"நெரிடா." முதல் தடவையாகப் பெயர் சொன்னான். கார்ன்வால் வாயில் அது புதுப் பெயர் மாதிரி இருந்தது. "இங்க எனக்குப் பிப்ரவரி வரைக்கும்தான் வேலை. இன்னும் மூணு வருஷம் இருக்கச் சொல்றாங்க. முடியாதுன்னு கடிதம் எழுதி வெச்சுட்டேன். நாளைக்குக் கொடுக்கணும்."

அவள் கையில் ஒரு சாமந்தி இருந்தது. அதுவரை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்த அதன் இதழ்களை இனித் தொடுவதில்லை என்று முடிவு செய்தாள்.

"ஊர் ஞாபகமா?"

"இங்க எதுவுமே பிடிபடல. திசை, வெயில், மனுஷங்க, எதுவும். போயிடலாம்னு இருந்தேன்."

"எப்ப வரைக்கும்?"

"காலையில ஆறு மணி வரைக்கும்."

டயரிலிருந்து காற்று மெல்லப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேரும் கேட்கவில்லை.

"இடிச்ச அப்புறமா?" என்றாள். குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"இடிச்சப்பவே. நீ கோபமா பார்த்தே பாரு... அப்பவே. கடிதத்தைக் கிழிக்கலாமான்னு காலையில இருந்து யோசிக்கறேன். ஒருத்தங்களைக் கேட்காம கிழிக்க முடியாது." எழுந்து நின்றான். கையில் பசை. கால்சட்டையில் துடைத்தான். நீட்டினான். "கேட்கறேன்."

"அங்க என்ன ரகசியம்?" மெர்ல் கத்தினாள். "பேட்டரி தீருது! தாண்டுறதுன்னா தாண்டுங்க, இல்லைன்னா பாவ்லோவா கேக்கை வெட்டுங்க!"

எல்லோரும் திரும்பினார்கள். இருபத்திரண்டு பூ வளையங்கள். நெரிடாவுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது.

அவள் அவன் கையைப் பிடித்தாள். பசை ஒட்டிக்கொண்டது. இனிமேல் நினைத்தாலும் சீக்கிரம் விடுபடாது. தொட்டியை நோக்கி நடந்தார்கள். பட்டுச் சுடர்கள் தாழ்ந்து தாழ்ந்து ஆடின.

தாண்டுவதற்கு முன் அவள் நின்றாள். அவன் கண்களை நேராகப் பார்த்தாள்.

"ஒரு வருஷம் ஒரு நாள்னுதான் கணக்கு... அதுக்கு மேல ஆனா, உனக்குப் பரவாயில்லையா?"